மார்பக ஒப்பரேசனும் நோவும்: எந்த நிவாரணம் யாருக்குப் பொருந்தும்?

மார்பகப் புற்றுநோய்க்கு ஒப்பரேசன் திகதி கிடைத்ததும் எங்கள் பக்கத்துப் பெண்கள் டொக்டரிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கட்டியை மட்டும் எடுப்பீர்களா, மார்பு முழுவதுமா? கீமோ எத்தனை தரம்? முடி போகுமா? எப்போது வீட்டுக்கு விடுவீர்கள்? நோவுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்பவர் மிகக் குறைவு. வெட்டினால் நோகத்தானே செய்யும், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளை பெற்ற எங்களுக்கு இதெல்லாம் ஒரு நோவா என்று வாட்டிலேயே சொல்லும் மாமிமார் இருக்கிறார்கள்.

ஆனால் இதில் தெரிவுகள் உண்டு, ஒன்றுக்கொன்று வித்தியாசமும் உண்டு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை என்று எங்கே ஒப்பரேசன் செய்தாலும், அதற்கு முதல் மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் உங்களைப் பார்த்துப் பேசுவார். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன கேட்பது, என்ன சொல்வது என்று தெரிந்துகொண்டு போவதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டியை மட்டும் எடுக்கும் ஒப்பரேசனுக்குக் குளிசைகளும், வெட்டிய இடத்தில் டொக்டர் போடும் விறைப்பு ஊசியும் பெரும்பாலும் போதும். மார்பு முழுவதையும் எடுத்து, கமக்கட்டில் நெறிகளையும் (நிணநீர்க் கணுக்களையும்) துப்புரவாக எடுப்பதென்றால், நரம்பை விறைக்கவைக்கும் நேர்வ் புளொக் போட முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். எந்த ஒப்பரேசனானாலும் குளிசையைச் சொன்ன மணிக்குத் தவறாமல் எடுங்கள். நோ உச்சிக்கு ஏறியபிறகு ஊசி கேட்பது பின்தங்கிய வழி.

நோ இருந்தால் ஆழமாக மூச்செடுக்க ஏலாது, இருமிச் சளியை எடுக்க ஏலாது, கையை உயர்த்த ஏலாது. கையை உயர்த்தாமலே விட்டால் தோள்மூட்டு இறுகிவிடும். பிறகு ரேடியேசன் கொடுக்கும்போது கையைத் தலைக்கு மேலே தூக்கிவைத்து அசையாமல் படுக்க வேண்டும். இறுகிய தோளோடு அதைச் செய்ய முடியாது, சிகிச்சையே பிந்தும். இன்னொன்று, முதல் சில நாட்களில் கடுமையாக நொந்தவர்களுக்கு மாதக்கணக்கில் இழுபடும் நோ வரும் வாய்ப்புக் கூட என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டென்மார்க்கில் 3,253 பெண்களிடம் கேட்டு 2009 இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்பரேசன் முடிந்து ஒன்றிலிருந்து மூன்று வருடம் கழிந்த பிறகும் 47 சதவீதமானோருக்கு ஏதோ ஓர் அளவில் நோ இருந்தது. நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், கமக்கட்டை முழுக்கத் துப்புரவாக்கியவர்களுக்கும், ரேடியேசன் எடுத்தவர்களுக்கும் அது கூடுதலாக இருந்தது.

எங்கள் பெண்களோ கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். மண்டூர்ப் பக்கத்து மாமி ஒருவருக்கு வலது மார்பை எடுத்திருந்தார்கள். அடுத்த நாள் காலையில் மிஸ்ஸி வந்து "நோகுதா அம்மா?" என்று கேட்க, இல்லை என்று தலையாட்டினார். தேத்தண்ணிக் கோப்பை வலதுபக்கத்து லொக்கரில் இருந்தது. மிஸ்ஸி போனதும் இடது கையை நெஞ்சுக்குக் குறுக்காகக் கொண்டுபோய் எட்டிப் பார்த்தார். பாதி வழியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை இழுத்துவிட்டார். தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. ஏன் மாமி சொல்லவில்லை என்று கேட்டேன். "அதுகளுக்கு எவ்வளவு வேலை புள்ள, மறுகா பாப்பம்" என்றார்.

அதனால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குச் சொல்கிறேன், நோகுதா என்று மட்டும் கேட்காதீர்கள். இருமினால் எப்படி, கட்டிலில் எழும்பி இருந்தால் எப்படி, கையை வாய்வரை கொண்டுபோக முடியுதா என்று கேளுங்கள். படுத்துக்கிடக்கும்போது நோ இல்லாமல் இருக்கலாம். அசையும்போது வரும் நோவைத்தான் அடக்க வேண்டும். அம்பாறையிலோ மகரகமவிலோ சிங்களம் மட்டும் தெரிந்த மிஸ்ஸி நின்றால் பத்து விரலில் எத்தனை என்று காட்டினால் போதும். சும்மா கிடக்கும்போது எத்தனை, கையை அசைத்தால் எத்தனை என்று இரண்டையும் காட்டுங்கள்.

குளிசைகள்: எல்லாவற்றுக்கும் அடித்தளம்

பனடோல் என்று நாம் சொல்லும் பரசிட்டமோலைக் குறைத்து மதிக்காதீர்கள். காய்ச்சலுக்குப் போடுவதுதானே, இந்தப் பெரிய ஒப்பரேசனுக்கு இதென்ன செய்யும் என்று பலர் அதை லாச்சியில் போட்டுவிடுகிறார்கள். தனியே அது போதாதுதான். ஆனால் மணி தவறாமல் எடுத்தால் மற்ற மருந்துகளின் தேவையை அது குறைக்கும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை; ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் இதைவிடக் குறைவாகவே கொடுக்க வேண்டும். எங்கள் பெண்கள் பலர் அந்த நிறைக்குக் கீழேதான் இருக்கிறார்கள், ஆகவே நிறை எவ்வளவு என்று சொல்லிக் கேளுங்கள். தடிமனுக்கென்று ஃபாமசியில் வாங்கும் குளிசைகள் பலவற்றிலும் இதே பரசிட்டமோல் இருக்கிறது. வேறு பெயரில் இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்து விழுங்கினால் ஈரலைப் பாதிக்கும்.

அதோடு சேர்ப்பது ஐபுபுரோபன், டைக்ளோபெனாக், செலிகொக்சிப் ஆகிய வகை. வீக்கத்தையும் அசையும்போது வரும் நோவையும் குறைப்பதில் பரசிட்டமோலை விட இவை கெட்டி. இரண்டையும் சேர்த்து எடுக்கும்போது கிடைக்கும் பலன் தனித்தனியே எடுப்பதை விடக் கூட. ஆனால் இது எல்லோருக்கும் ஒத்துவராது. சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியவர்கள், குடல்புண் உள்ளவர்கள், இந்த வகைக் குளிசை போட்டால் முட்டு இழுக்கிறவர்கள், இருதய வருத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிரஷருக்கு லொசாட்டன், எனலாப்ரில் போன்றவையும், நீர் போகிற குளிசையும் எடுக்கும் ஒருவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கத்தாலும் அடி. எங்கள் பகுதியில் ஐம்பது தாண்டிய பெண்களில் சீனியும் பிரஷரும் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால், இந்த இடத்தில் நான் மிகக் கண்டிப்பாக இருப்பேன். வீட்டில் கிடக்கும் டைக்ளோபெனாக்கை டொக்டருக்குத் தெரியாமல் எடுக்கவே வேண்டாம். அவர்கள் தந்திருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு, சொன்ன நாட்களுக்கு மட்டும். இந்த வகையில் இரண்டை ஒரே நேரத்தில் எடுக்கக்கூடாது.

விறைப்பு ஊசிகள்

இதில்தான் தெரிவு கூட, குழப்பமும் கூட.

ஆகச் சின்னது, ஒப்பரேசன் செய்யும் டொக்டரே தையல் போடும் முன் வெட்டிய இடத்தைச் சுற்றி பூப்பிவகேய்ன் போன்ற விறைப்பு மருந்தைச் செலுத்துவது. தனியான மெசின் வேண்டாம், நேரமும் எடுக்காது, ஆபத்தும் மிகக் குறைவு. சில மணித்தியாலங்களுக்குத் தாங்கும், பிறகு விட்டுப்போகும். கட்டியை மட்டும் எடுத்து அன்றைக்கோ அடுத்த நாளோ வீட்டுக்குப் போகிறவருக்கு இதுவும் குளிசையும் போதுமென்று நான் சொல்வது இதனால்தான். முழு மார்பையும் எடுத்தவருக்கு அன்றிரவைத் தாண்ட இது காணாது.

அடுத்தது நேர்வ் புளொக். இதைச் சொன்னதும் பெண்கள் முதலில் நினைப்பது சிசேரியனுக்குக் கீழ் முதுகில் போடும் ஊசியை. இது அதுவல்ல. மார்புக்குப் போகும் நரம்புகள் முள்ளந்தண்டிலிருந்து விலா எலும்புகளுக்கு இடையால் வருகின்றன. அந்த நரம்புகள் போகும் வழியில், ஒப்பரேசன் செய்யும் பக்கத்தில் மட்டும் மருந்தைச் செலுத்துகிறார்கள். கால் விறைக்காது, எழும்பி நடக்கலாம். மயக்க மருந்தும் வழமைபோல உண்டு. ஒப்பரேசன் நேரம் நீங்கள் நித்திரைதான். இருதயமோ நுரையீரலோ பலவீனமான முதியவர் சிலருக்கு முழு மயக்கம் இல்லாமல் புளொக்கும் இலேசான நித்திரை மருந்தும் மட்டும் வைத்துச் செய்வதும் உண்டு, ஆனால் அது ஆளைப் பார்த்து எடுக்கும் முடிவு.

எங்கே ஊசி போகிறது என்பதைப் பொறுத்து இதில் மூன்று வகைகளைக் கேள்விப்படுவீர்கள். பழையது, அதிகம் ஆராயப்பட்டது, முள்ளந்தண்டுக்கு ஓரமாகப் போடும் பராவெர்டிப்ரல் புளொக். 1905 இலேயே விவரிக்கப்பட்டு, இடையில் மறக்கப்பட்டு, 1979 க்குப் பிறகு திரும்பவும் பழக்கத்துக்கு வந்தது. முழு மார்பையும் கமக்கட்டின் பெரும்பகுதியையும் அது விறைக்கவைக்கும். ஐரோப்பிய மயக்க மருந்து நிபுணர்களின் ப்ரொஸ்பெக்ட் குழு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலில் பெரிய மார்பக ஒப்பரேசனுக்கு முதல் தெரிவாகச் சொன்னது இதைத்தான். குறை என்னவென்றால், நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வுக்கு மிகக் கிட்டப் போகும் ஊசி இது. சவ்வு குத்துப்பட்டால் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கலாம். அது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஸ்கேன் மெசினில் பார்த்துக்கொண்டு போடும் பழகிய கையென்றால் இன்னும் குறையும். இரத்தம் உறையாமலிருக்க வோபரின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு இந்த ஆழமான ஊசியைத் தவிர்க்கப் பார்ப்பார்கள்.

இரண்டாவது பெக்ஸ் புளொக். ஸ்பெயின் டொக்டர் ரஃபேல் பிளாங்கோ 2011 இலும் அடுத்த வருடமும் விவரித்த முறை இது. முதுகுப் பக்கம் போகாமல், முன்பக்கத்தில் தோளுக்குக் கீழே மார்புத் தசைகளுக்கு இடையில் மருந்தைச் செலுத்துகிறார்கள். படுத்தபடியே போடலாம்; மயங்கியபிறகும் போடலாம், அதனால் ஊசிக்குப் பயந்தவருக்கு நிம்மதி. கமக்கட்டுப் பக்கத்தை நன்றாக விறைக்கவைக்கும், நெஞ்சின் நடு எலும்பை ஒட்டிய பகுதியை அவ்வளவாகப் பிடிக்காது. பராவெர்டிப்ரல் போட முடியாத இடத்தில் இதுதான் அடுத்த தெரிவு. என்னைக் கேட்டால் எங்கள் ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பார்க்க ஆகப் பொருத்தமானது இந்த வகைதான். கமக்கட்டுத்தான் பலருக்குப் பெரிய தொல்லை, அதை இது நன்றாகப் பிடிக்கிறது, ஆபத்தும் குறைவு.

மூன்றாவது, முதுகில் முள்ளந்தண்டை ஒட்டிய தசைக்குக் கீழே போடும் எரெக்டர் ஸ்பைனே புளொக், 2016 இல் விவரிக்கப்பட்டது. போடுவது இலகு, சவ்விலிருந்து தூரம். மேலே சொன்ன இரண்டையும்போல நோவை இழுத்துப் பிடிக்குமா என்றால், பல ஒப்பீடுகளில் ஒரு படி கீழேதான் நிற்கிறது. ஆனாலும் புளொக் இல்லாததை விட மேல்.

மூன்றிலும் எதைப் போடுவது என்று நோயாளி அடம்பிடிக்கத் தேவையில்லை. உங்கள் மயக்க டொக்டரின் கை எதில் பழகியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு நல்லது. நீங்கள் கேட்க வேண்டியது "எனக்குப் புளொக் ஏதும் போட முடியுமா, ஸ்கேன் பார்த்துப் போடுவீர்களா?" என்பதுதான். போட முடியாதென்றால் வேறு என்ன திட்டம் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

ஒருமுறை போடும் புளொக் ஏறக்குறைய அரை நாளிலிருந்து ஒரு நாள்வரை நிற்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காலை பத்து மணிக்கு ஒப்பரேசன் என்றால் மாலைவரை நோவே தெரியாது. பார்க்க வந்த சனத்தோடு சிரித்துப் பேசுவார், தந்த குளிசையை வேண்டாமென்று ஒதுக்கிவிடுவார். நடுச்சாமத்தில் விறைப்பு விட்டதும் நோ ஒரேயடியாக வந்து இறங்கும். வாட்டில் ஆட்கள் குறைந்த நேரம், துணைக்கு நிற்பவரும் அயர்ந்து தூங்கும் நேரம். விறைப்பு இருக்கும்போதே குளிசையைத் தொடங்கி, படுக்கப் போகும் முன் ஒரு தரம் எடுத்துவிட்டால் இந்த இரவைச் சுகமாகத் தாண்டலாம்.

விறைப்பு மருந்து அளவுக்கு மிஞ்சி இரத்தத்தில் கலந்தால் காது இரையும், வாயைச் சுற்றி விறைக்கும், வாய்க்குள் இரும்பு ருசி வரும். அப்படித் தெரிந்தால் அந்த இடத்திலேயே சொல்ல வேண்டும். மிக அரிது, வைத்தியமும் உண்டு.

ஒரு நம்பிக்கையையும் இங்கே தெளிவாக்க வேண்டும். புளொக் போட்டால் புற்றுநோய் திரும்ப வராது என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு டொக்டர்மாரிடமே இருந்தது. 2,100 க்கு மேற்பட்ட பெண்களைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து 2019 இல் லான்செற் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், பராவெர்டிப்ரல் புளொக் போட்டவர்களிலும், வழமையான மயக்கமும் மோர்பின் வகையும் பெற்றவர்களிலும் நோய் திரும்பியது ஏறக்குறைய ஒரே அளவு, நூற்றுக்குப் பத்து. ஒரு வருடம் கழித்தும் நீடித்த நோவிலும் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. வேறு சில ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் நீண்டகால நோவைப் புளொக் குறைக்கும் என்று கண்டார்கள், ஆகவே அந்தக் கேள்வி முற்றாக மூடவில்லை. முதல் இரண்டு நாள் நோவையும் சத்தியையும் குறைக்கத்தான் புளொக்கைக் கேளுங்கள். அதற்கே அது பெறுமதியானது. கிடைக்கவில்லை என்றால் நோய் திரும்ப வரப்போகிறது என்று பயந்து மனம் உடைய வேண்டாம்.

மோர்பின் பற்றிய பயம்

மோர்பின் என்று கேட்டதும் வீட்டார் முகம் வெளுத்துவிடும். "அது கடைசிக் கட்டத்துக்குக் குடுக்கிறதெல்லோ?" என்று அழுத மகள்மாரை வாட்டில் பார்த்திருக்கிறேன். ஒப்பரேசனுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் கொடுக்கும் மோர்பினுக்கும் நோயின் கட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் குறுகிய காலத்தில் அடிமையாவது பற்றிய பயமும் வேண்டாம். மற்றவை பிடிக்காத கடுமையான நோவுக்கு அதுதான் நம்பிக்கையான மருந்து.

அப்படியிருந்தும் நான் அதை முதல் வரிசையில் வைக்கமாட்டேன். மார்பக ஒப்பரேசன் செய்த பெண்களுக்குச் சத்தி வரும் வாய்ப்பு இயல்பாகவே கூட. மோர்பின் அதை இன்னும் கூட்டும். புதுத் தையலோடு ஓங்காளிப்பது எவ்வளவு கொடுமை என்று கண்டவர்களுக்குத்தான் தெரியும். மலச்சிக்கல், அரிப்பு, தலைச்சுற்று, நித்திரைத் தூக்கம் என்று மற்றவையும் வரும். அளவு கூடினால் மூச்சு மெதுவாகும். ட்ரமடோலும் இதே குடும்பந்தான். வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. ஆகவே குளிசையும் விறைப்பும் பிடிக்காத நோவுக்கு, மேலதிகமாக, கொஞ்ச நாளுக்கு என்பதே மோர்பின் வகைக்குச் சரியான இடம். கொடுத்தால் கூடவே மலம் இளகும் மருந்தையும் கேளுங்கள். முந்தைய ஒப்பரேசனில் சத்தி எடுத்தவர்களும், பஸ்சில் போனாலே சத்தி எடுப்பவர்களும் அதை மயக்க டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிறிய விடயம்போலத் தெரியும், ஆனால் அவர் மருந்தைத் தெரிவுசெய்வதே இதைப் பார்த்துத்தான்.

மயக்கம் கொடுக்கும்போது டெக்ஸாமெதசோன் ஊசி ஒன்று போடுவது வழக்கம். சத்தியையும் ஓரளவு நோவையும் அது குறைக்கும். சீனி வருத்தக்காரருக்கு ஒன்றிரண்டு நாள் சீனி ஏறும். அளந்து பார்த்தால் சரி. நரம்பு நோவுக்குக் கொடுக்கும் கபாபென்டின், ப்ரிகபலின் இரண்டையும் ஒப்பரேசனுக்கு முதல் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. வயதானவர்களுக்கு இவை தலைச்சுற்றையும் அதிக தூக்கத்தையும் தரும், மோர்பினோடு சேர்ந்தால் மூச்சை மந்தமாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2019 இல் எச்சரித்தது. எழுபது வயது அம்மாவுக்கு இதைப் பரிந்துரைத்தால் தேவைதானா என்று ஒருதரம் கேட்பது நல்லது.

ஒப்பரேசன் எவ்வளவு பெரிது என்பதும் நோவைத் தீர்மானிக்கும்

கமக்கட்டு நெறிகள் அனைத்தையும் எடுக்காமல், முதலாவதாக நோய் பரவக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை உண்டு. ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அது பொருந்தினால், கை வீக்கமும் நீண்டகால நோவும் குறையும். எனக்கு அது பொருந்துமா என்று சத்திரசிகிச்சை டொக்டரிடம் கேட்கலாம். பொருந்தாது என்று அவர் சொன்னால் நோவுக்குப் பயந்து வற்புறுத்தாதீர்கள். நோயை முழுக்க எடுப்பதுதான் முதல் காரியம்.

வீட்டுக்கு வந்த பிறகு

மகரகமவில் ஒப்பரேசன் செய்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு மட்டக்களப்புவரை ஒரு முழு இரவுப் பயணம். அக்கரைப்பற்று, பொத்துவில் என்றாலும் நாள் முழுக்கப் பாதையில்தான். ஏறும் முன் குளிசை எடுத்து, அடுத்த தரம் எத்தனை மணிக்கு என்று துணைக்கு வருபவரின் ஃபோனில் அலாரம் வையுங்கள். சிறிய தலையணை ஒன்றைக் கமக்கட்டுக்குக் கீழே வைத்தால் பள்ளத்தில் பஸ் குலுங்கும்போது கை இழுபடாது. இரத்தநீர் வடியும் ட்ரெய்ன் போத்தலோடு அனுப்பினால், தோளில் குறுக்காகத் தொங்கும் துணிப்பை ஒன்று தைத்துக்கொண்டு போங்கள். கையில் தூக்கிக்கொண்டு திரிந்தால் குழாய் இழுபட்டு, தையலை விட அந்த ஓட்டைதான் கூட நோகும்.

எங்கள் ஊரில் நோ என்றதும் ஒத்தணந்தான். நொச்சி இலை வதக்கி, ஆமணக்கிலையில் எண்ணெய் பூசிச் சூடாக்கி, சுடுதண்ணிப் போத்தலைத் துணியில் சுற்றி என்று அன்போடு செய்வார்கள். இந்த ஒப்பரேசனுக்குப் பிறகு தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மார்பிலும் மேல்கையின் உட்பக்கத்திலும் தோல் மரத்துப்போயிருக்கும். சுடுகிறது என்று அவருக்கே தெரியாமல் பொக்களித்துவிடும். எண்ணெய் போட்டு அந்தக் கையை அழுத்தி உருவுவதும் வேண்டாம். நாட்டு மருந்து எடுப்பவர்கள் ஒப்பரேசனுக்கு முன்பே அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். உள்ளி, மஞ்சள் வில்லைகள் போன்ற சில இரத்தக் கசிவைக் கூட்டலாம்.

கைப்பயிற்சிதான் நான் முழு மனதோடு சொல்லும் வீட்டு வைத்தியம். அடுத்த நாளே விரல் மடக்குவது, முழங்கை மடக்குவது, தலை வாருவது என்று தொடங்கி, ட்ரெய்ன் எடுத்து டொக்டர் சரியென்ற பிறகு சுவரில் விரலால் ஏறுவதுவரை போகலாம். குளிசை எடுத்து அரை மணித்தியாலம் கழித்துச் செய்தால் நோ குறைவு. ரமழான் மாதத்தில் ஒப்பரேசன் நடந்தால் நோன்பு பிடித்துக்கொண்டு குளிசையைத் தவறவிடும் உம்மாமார் உண்டு. நோயாளிக்கு மார்க்கமே விலக்கு அளித்திருக்கிறது, குணமானபிறகு களாச் செய்யலாம்.

மூன்று மாதம் கழிந்தும் நோ விடாவிட்டால் அது வேறு வகை. மருதமுனையில் கைத்தறி நெய்யும் ஒரு ராத்தா சொன்னது: "கைக்குள்ள எறும்பு ஊருறாப்போல கிடக்கு, சட்டைக் கை பட்டாலே சுள்ளெண்டுது." கமக்கட்டால் மேல்கைக்குப் போகும் தோல் நரம்பு அறுந்தோ நசுங்கியோ போனால் இப்படித்தான் இருக்கும். பனடோல் இதற்குப் பெரிதாக உதவாது. இரவில் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின், அல்லது கபாபென்டின், டுலொக்செடின் போன்ற நரம்பு மருந்துகள்தான் தேவைப்படும். ஒப்பரேசன் முடிந்துதானே, இனி என்ன கேட்பது என்று ராத்தா பேசாமல் தறியை விட்டுவிட்டிருந்தார். கிளினிக்கில் சொன்னபிறகுதான் மருந்து எழுதினார்கள்.

மார்பகப் புற்றுநோய் திரும்ப வராமலிருக்கத் தரும் டாமொக்சிபென் குளிசையை எடுக்கிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பரொக்செடின், ஃப்ளுவொக்செடின் என்ற மனச்சோர்வு மருந்துகள் ஈரலில் டாமொக்சிபென் வேலைசெய்யும் வடிவுக்கு மாறுவதைத் தடுக்கும். டுலொக்செடினும் ஓரளவு தடுக்கும், இன்னொரு மனச்சோர்வு மருந்தான வென்லபெக்சின் அவ்வளவாகத் தடுக்காது. நோவுக்கோ நித்திரைக்கோ மனக்கவலைக்கோ வேறு கிளினிக்கில், வேறு டொக்டரிடம் மருந்து வாங்கும்போது இது தவறிப்போகும். ஆகவே கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே டாமொக்சிபென் எடுக்கிறேன் என்று பெரிதாக எழுதிவைத்து, எங்கே போனாலும் அந்தப் பக்கத்தைக் காட்டிய பிறகே புதுக் குளிசையை வாங்குங்கள்.